சுரண்டச் சுரண்டப் பெருகும் ஐப்டேசியா

கேள்வி: அண்ணை, வணக்கம். கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். வீட்டில் நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். மீனில் இரண்டு நெமோ (கோமாளி மீன்), ஒரு கோபி. கோரலில், அதாவது பவளத்தில், கொஞ்சம் ஸோவா, மஷ்ரூம், ஒரு லெதர் கோரல். ஆறு மாதத்துக்கு முன்பு கொழும்பில் ஒருவரிடம் வாங்கிய கோரல் துண்டோடு சின்னதாக, கண்ணாடி மாதிரி ஒரு பூ வந்தது. வடிவாக இருக்கிறது, நெமோவுக்கு வீடாகும் என்று விட்டுவிட்டேன். இப்போது கல் முழுக்க அதுதான். பிளேட்டால் சுரண்டினேன், இரண்டு கிழமையில் முன்பைவிடக் கூடிவிட்டது. ஒரு மூலையில் குட்டையாக, பச்சை நுனியோடு வேறு ஒரு வகையும் இருக்கிறது. கல்லை வெளியே எடுத்துக் கொதிநீரில் அவிக்கலாமா? வெற்றிலைச் சுண்ணாம்பு வைத்தால் சாகும் என்கிறார்களே, உண்மையா? கடையில் பெப்பர்மின்ட் றால் என்று ஒன்று விற்கிறார்கள், வாங்கவா? ஒன்றும் சரிவராவிட்டால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, காரைநகர்ப் பக்கம் கடற்கல் எடுத்துப் புதிதாகத் தொடங்கலாம் என்றும் யோசிக்கிறேன். முடிந்தால், பிறகாவது நெமோவுக்கு ஒரு நல்ல அனிமோன் வைக்கலாமா என்றும் சொல்லுங்கள்.

பதில்:

தம்பி, மற்றதெல்லாம் ஆறுதலாகக் கதைக்கலாம். கல்லை மட்டும் அவிக்க வேண்டாம். அடுப்பில் வைக்கவும் வேண்டாம், கொதிநீர் ஊற்றவும் வேண்டாம், மைக்ரோவேவில் வைக்கவும் வேண்டாம். உங்கள் தொட்டியில் ஸோவா இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குடும்பத்தில், முக்கியமாகப் பாலித்தோவா என்ற வகையில், பாலிடொக்சின் என்ற நஞ்சு இருக்கலாம். கடல் உயிர்களில் கண்டறியப்பட்ட மிகக் கொடிய நஞ்சுகளில் அது ஒன்று, கொதிக்க வைத்தால் அழியாது. கல்லை அவிக்கும்போது வருகிற ஆவியோடு அது காற்றில் கலக்கும். குசினியில் ஒருவர் கல்லை அவிக்க, வீட்டில் இருந்த எல்லோரும் வைத்தியசாலைக்குப் போன சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. வாயில் கசப்பு அல்லது இரும்புச் சுவை, இருமல், மூச்சு முட்டல், குளிர்காய்ச்சல் போல நடுக்கம், தசை வலி என்று தொடங்கும். எப்போதாவது கல்லைச் சுரண்டியோ சுடுநீரில் கழுவியோ முடித்தபின் இப்படி ஏதாவது வந்தால் வீட்டை விட்டு வெளியே வாருங்கள், வைத்தியசாலைக்குப் போங்கள், அங்கே "பாலிடொக்சின்" என்ற சொல்லையும் சொல்லுங்கள். இங்கே பெரும்பாலான டொக்டர்மாருக்கு மீன்தொட்டியால் இப்படி வரும் என்று சட்டென்று தோன்றாது. நீங்கள் பிளேட்டால் சுரண்டியபோது கையில் வெட்டுக்காயம் எதுவும் இல்லாமல் இருந்திருந்தால் நல்லகாலம். இனி ஸோவா உள்ள கல்லைத் தொடும் ஒவ்வொரு முறையும் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் போடுங்கள்.

சரி, இனி அந்தப் பூவுக்கு வருவோம்.

நீங்கள் சொல்கிற அடையாளத்துக்கு அது ஐப்டேசியாதான், சந்தேகமில்லை. பூ மாதிரித் தெரிந்தாலும் அது அனிமோன் என்ற கொட்டும் கடல் விலங்கில் ஒரு வகை. மண்ணிறம் கலந்த கண்ணாடித் தண்டு, மேலே வட்டமாக ஒல்லியான நீளக் கைகள், நடுவில் வாய். விரலைக் கிட்டக் கொண்டுபோனால் ஒரு நொடியில் கல்லின் துளைக்குள் இழுத்துக்கொள்ளும். குட்டையாக, கை நுனிகள் குமிழ்போலப் பச்சையாகவோ ஊதாவாகவோ இருப்பது மஜானோ அனிமோன். அது ஐப்டேசியா மாதிரி ஓடி ஒளியாது, சும்மா சுருங்கி இருக்கும், இரண்டாகப் பிளந்து பெருகும். இரண்டும் பக்கத்துக் கோரலைக் கொட்டும், இடத்தைப் பிடிக்கும். ஐப்டேசியாதான் கூடுதல் பிடிவாதம், அதனால் அதைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

சுரண்டினால் ஏன் கூடுகிறது என்பதை விளங்கிக்கொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும். ஐப்டேசியா பெருகுவதற்கு ஜோடி தேவையில்லை. கல்லில் மெல்ல நகரும்போது அடிப்பாதத்தின் ஓரத்திலிருந்து சின்னச் சின்னத் துணுக்குகளை விட்டுவிட்டுப் போகும், ஒவ்வொரு துணுக்கும் ஒன்றிரண்டு கிழமையில் கை முளைத்துத் தனி அனிமோன் ஆகிவிடும். யாரும் தொடாமலே இப்படித்தான் அது பரவுகிறது. நீங்கள் பிளேட்டால் செய்தது அதே வேலையைப் பத்து மடங்கு வேகமாக அதற்குச் செய்து கொடுத்ததுதான். சுரண்டியதில் கல்லோடு ஒட்டி நின்ற பாதத் துணுக்குகள் அங்கேயே முளைத்தன, மிதந்தவை, தொட்டியில் அலை எழுப்பும் வேவ்மேக்கர் தள்ளிய இடத்திலெல்லாம் போய் ஒட்டின. அடுத்த முறை அதைச் சீண்டும்போது உற்றுப் பாருங்கள்: தண்டின் பக்கவாட்டிலிருந்து மெல்லிய வெள்ளை நூல்கள் வெளியே வரும். அந்த நூல் முழுக்கக் கொட்டும் கலங்கள்தான். பக்கத்தில் இருக்கிற ஸோவா வாயை மூடிக்கொண்டு கிழமைக்கணக்கில் திறக்காமல் இருந்தால், காரணம் அந்த நூலாக இருக்கலாம்.

இன்னொன்று. பவளத்துக்கும் அதற்குள் வாழும் பாசிக்கும் உள்ள உறவை ஆராய்கிற விஞ்ஞானிகள் ஆய்வகத்தில் வளர்ப்பது இதே ஐப்டேசியாவைத்தான். 2015ஆம் ஆண்டில் இதன் முழு மரபணுத் தொகுதியையும் வெளியிட்டார்கள். பவளத்தை ஆய்வகத்தில் உயிரோடு வைப்பது பெரிய பாடு, இது எதையும் தாங்கும், சீக்கிரம் பெருகும், ஒன்றை வைத்தே ஒரே மாதிரியான நூற்றுக்கணக்கானவற்றை உருவாக்கலாம், அதனால்தான் இதைத் தேர்ந்தார்கள். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "மூன்று நாள் லைற்றை அணைத்து வை, செத்துவிடும்" என்று உங்களுக்கு யாராவது சொல்வார்கள். சாகாது. உடலுக்குள் இருக்கும் பாசியை முழுவதும் இழந்து வெள்ளையாகிப் போன ஐப்டேசியாவை, இருட்டில் வைத்து, சாப்பாடு மட்டும் கொடுத்து ஆய்வகங்களில் காலகாலமாக வளர்க்கிறார்கள். இருட்டு நீண்டால் அதற்கு முன் உங்கள் கோரல்தான் வாடும்.

அப்படியென்றால் எப்படிக் கொல்வது? அதை வெட்டக்கூடாது, கிழிக்கக்கூடாது, அது சுருங்கி ஓடுமுன் வாய்க்குள்ளேயே மருந்தைக் கொடுக்க வேண்டும். இதற்கு நான் முதலில் கை வைப்பது சுண்ணாம்பில்தான், ஆக உங்களுக்குச் சொன்னவர்கள் பாதி சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். சரக்கு கல்சியம் ஐதரொட்சைட்டு, பள்ளிக்கூடத்தில் சுண்ணாம்பு நீர் செய்த அதே சாமான். இதன் கரைசலின் பி.எச். 12-ஐத் தாண்டும், அனிமோனின் சதை அதைத் தாங்காது. வெற்றிலைச் சுண்ணாம்பும் அடிப்படையில் இதுதான் என்றாலும், கடையில் வருவதில் நிறமும் வாசமும் சேர்த்தவை இருக்கின்றன, அவை தொட்டிப் பக்கமே வரக்கூடாது. கட்டடத்துக்கு வெள்ளையடிக்கிற சுண்ணாம்பும் வேண்டாம், அதில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆய்வகச் சாமான் விற்கும் கடையில் சுத்தமான கல்சியம் ஐதரொட்சைட்டுத் தூள் கேட்டு வாங்குங்கள், கொஞ்சம் வாங்கினால் நீண்ட நாளுக்குப் போதும். காற்றுப் புகாமல் மூடி வைக்க வேண்டும். திறந்து கிடந்த சுண்ணாம்பு காற்றிலிருக்கும் காபனீரொட்சைட்டை உறிஞ்சிச் செத்த சுண்ணாம்பாகிவிடும், அதை வைத்து அனிமோனைக் கொல்ல முடியாது. வீரியம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு தேக்கரண்டியை ஒரு கிளாஸ் தண்ணீரில் கலக்கித் தெளியவிடுங்கள். மேலே நிற்கிற தெளிந்த நீரின் மேற்பரப்பில் சில மணித்தியாலத்தில் மெல்லிய வெள்ளைப் படலம் கட்டினால் சாமான் நல்லது.

இனி கையால் செய்கிற வேலை. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், அதனால் முதலில் கண்ணாடி, கையுறை. பட்டுவிட்டால் ஓடுகிற தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கண்ணைத் திறந்து வைத்துக் கழுவி, நேரே வைத்தியசாலைக்கு. தூளில் ஆர்ஓ தண்ணீரை, அதாவது ஆர்ஓ இயந்திரத்தில் வடித்துச் சுத்தமாக்கிய தண்ணீரை, சொட்டுச் சொட்டாக விட்டுக் குழையுங்கள், தோசை மாவை விடக் கொஞ்சம் இறுக்கமாக வரவேண்டும். தண்ணியாக இருந்தால் அனிமோன்மேல் நிற்காமல் தொட்டி முழுக்கப் பரவி வெள்ளைப் புகை கிளம்பும். பார்மசியில் 5 மில்லிலீற்றர் சிறிஞ்சு வாங்கி, ஊசியைக் கழற்றிவிட்டு, ஏர் பம்புக்குப் போடுகிற கெட்டிக் குழாயில் ஒரு அடித் துண்டைச் செருகுங்கள். கை தண்ணீருக்குள் போகாமலே ஆழத்தில் வைக்கலாம்.

காலையில் லைற் வந்து கொஞ்ச நேரத்தில் செய்வது நல்லது. இரவு முழுக்க மீனும் கோரலும் மூச்சு விட்டதில் பி.எச். விடியும் நேரம் குறைவாக இருக்கும், சுண்ணாம்பு அதை ஏற்றினாலும் இடம் இருக்கும். வேவ்மேக்கர், ரிட்டர்ன் பம்ப், ஸ்கிம்மர் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். தண்ணீர் அசையாமல் நிற்க வேண்டும். அரை மணி நேரம் நிறுத்தினால் மீனுக்கு ஒன்றும் ஆகாது, கரண்ட் போனால் இதைவிட நேரம் நிற்கிறதே. அனிமோன்கள் விரிந்து நிற்கும்போது குழாயின் நுனியை மேலிருந்து மெல்ல மெல்லக் கொண்டுவாருங்கள். கையைத் தொடாமல், வாய்க்கு நேர் மேலே, ஒரு சொட்டு விழவிடுங்கள். சாப்பாடு என்று நினைத்து அது கைகளை உள்ளே மடிக்கும். மடிக்கும்போதே இன்னும் கொஞ்சம் மேலே போட்டு முழுவதும் மூடிவிடுங்கள். அவசரப்பட்டு நுனியால் குத்தினால் துளைக்குள் போய்விடும். அப்படிப் போனாலும் விட்டுவிடாமல், அந்தத் துளையைச் சுண்ணாம்பால் நிரப்பி அடையுங்கள். இருபது முப்பது நிமிடம் அப்படியே விட்டு, மேலே மிஞ்சி நிற்கும் வெள்ளையைச் சின்னக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் பம்பைப் போடுங்கள். ஸோவாமேலே ஒரு துளி விழுந்தாலும் அந்த இடம் வெந்துவிடும், அதனால் கோரலை ஒட்டி நிற்பவற்றுக்கு அந்தக் கல்லை ஒரு வாளி தொட்டி நீருக்குள் எடுத்து வைத்துச் செய்வது நல்லது. வாளித் தண்ணீரை மறுபடி தொட்டிக்குள் ஊற்ற வேண்டாம்.

எத்தனை கொல்லலாம் என்பதில்தான் பலர் தொட்டியைக் கெடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் தொட்டியில் கல்லும் மண்ணும் போக ஏறக்குறைய 230 லீற்றர் தண்ணீர் இருக்கும். 5 மில்லிலீற்றர் குழையலில் 3 கிராம் சுண்ணாம்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது முழுவதும் கரைந்தால் அல்கலினிட்டி, அதாவது தண்ணீரின் காரத்தன்மை, ஏறக்குறைய 1 டிகேஎச் (அதை அளக்கும் அலகு) ஏறும். அது தாங்கும். இதையே உற்சாகத்தில் நாலு சிறிஞ்சு போட்டால் அல்கலினிட்டி 4 டிகேஎச் பாய்ந்து, பி.எச். எகிறி, கோரல் சுருங்கி, மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். ஆகவே ஒரு நாளைக்கு ஒரு சிறிஞ்சு, ஐந்தாறு அனிமோன், அதற்கு மேல் வேண்டாம். முன்னும் பின்னும் பி.எச். பாருங்கள், 8.5-ஐத் தாண்டினால் அன்றைக்குக் கடையை மூடிவிடுங்கள். இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு மறுபடி. கோரலுக்குக் கிட்ட நிற்பவற்றையும் பெரியவற்றையும் முதலில் எடுங்கள். பத்து நாளைக்குப் பிறகு பழைய இடங்களைத் திரும்பப் பாருங்கள், அங்கே மிஞ்சிய பாதத்திலிருந்து குட்டிகள் எழும்பியிருக்கும். அது நீங்கள் செய்த பிழை அல்ல, எல்லோருக்கும் நடப்பது. குட்டியாக இருக்கும்போது ஒரு சொட்டே போதும்.

தேசிக்காய்ப் புளியும் வேலை செய்யும், அமிலம் என்பதால். அதை ஊசியால் தண்டுக்குள் ஏற்ற வேண்டும். ஆனால் ஊசி ஏறுமுன் அது ஓடிவிடும், தண்ணியான புளி நிற்கவும் நிற்காது, அதனால் கடைசி ஒன்றிரண்டுக்கு மட்டும் நான் அதைப் பாவிப்பேன். ஐப்டேசியா-எக்ஸ் போன்ற கடை மருந்துகள் கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள், நல்ல சாமான், வைக்கும் முறையும் ஏறக்குறைய இதுதான். துளையை எபொக்சியால் அடைப்பதும் ஒரு வழி, ஆனால் கல் முழுக்க ஓட்டையாக இருந்தால் பக்கத்து ஓட்டையால் வந்துவிடும். மஜானோவுக்கும் சுண்ணாம்பே போதும். அது ஓடாது என்பதால் இன்னும் இலகு. ஒரு மூலையில் மட்டும்தான் என்றால் அந்த மூலைக்கல்லை உடைத்து, மஜானோ இருக்கிற துண்டை வெளியே எறிந்துவிடலாம், அதில் ஸோவா இல்லாவிட்டால்.

தொட்டிக்குக் கீழே தண்ணீர் சேரும் சம்ப் பெட்டியையும், தண்ணீர் வழிந்து இறங்கும் ஓவர்ஃபுளோப் பெட்டியையும் மறக்க வேண்டாம். டோர்ச் அடித்துப் பாருங்கள், அங்கே லைற்றும் இல்லை, கடிக்கிற மீனும் இல்லை, ஓடுகிற தண்ணீரோடு சாப்பாடு மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. மேலே எத்தனை கொன்றாலும் கீழிருந்து துணுக்குகள் பம்பு வழியாக ஏறிவரும். அங்கே கோரல் இல்லாததால் பயமில்லாமல் சுண்ணாம்பு வைக்கலாம், கணக்கு மட்டும் அந்த நாளுக்குரிய ஒரு சிறிஞ்சுக்குள்ளே இருக்க வேண்டும்.

இனி பெப்பர்மின்ட் றால். வாங்கலாம், ஆனால் பார்த்து வாங்குங்கள். ஐப்டேசியா தின்னும் பெப்பர்மின்ட் றால் அத்திலாந்திக் கடலைச் சேர்ந்த லிஸ்மாட்டா இனம். நமக்கு அதை விமானத்தில்தான் கொண்டுவர வேண்டும். அதற்குப் பதிலாக அதே பெயரில் கடைகளில் அடிக்கடி நிற்பது இந்து-பசுபிக் கடலைச் சேர்ந்த ஒட்டக றால். அது ஐப்டேசியாவைப் பெரும்பாலும் சட்டை செய்யாது, உங்கள் ஸோவாவையும் மஷ்ரூமையும் இரவில் மேய்ந்துவிடும். கண்ணாடிக்குக் கிட்டப் போய் முதுகைப் பாருங்கள். முதுகு நடுவில் திமில்போல உயர்ந்து, பெரிய கண்களும், சிவப்போடு சேர்ந்து பளிச்சென்ற வெள்ளைக் கோடுகளும் புள்ளிகளும் இருந்தால் அது ஒட்டக றால், விட்டுவிட்டு வாருங்கள். உண்மையான பெப்பர்மின்ட் கண்ணாடிபோல உடல், அதில் மெல்லிய சிவப்புக் கோடுகள், வெள்ளை இல்லை. சரியானது கிடைத்தாலும் மூன்று நாலு வாங்கி விடுங்கள், சிலது தின்னும், சிலது மீன் சாப்பாட்டையே பார்த்துக்கொண்டிருக்கும். பெரிய ஐப்டேசியாவுக்கு அவை பயம், குட்டிகளைத்தான் துடைக்கும். ஆகவே பெரியதைச் சுண்ணாம்பால் நீங்கள் எடுங்கள், குட்டியை றாலிடம் விடுங்கள்.

பெர்கியா என்றொரு சின்னக் கடல் நத்தை இருக்கிறது, ஓடு இல்லாதது, விரல் நகம் அளவு, ஐப்டேசியாவைத் தவிர வேறு எதையும் தின்னாது. என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் சிறந்த வழி. இரவில் வெளிவரும், கல்லுக்குள் போகும், நம் கண்ணுக்கும் சிறிஞ்சுக்கும் எட்டாததைத் தேடித் தின்னும், சுருள் சுருளாக முட்டையும் இடும். ஐப்டேசியா தீர்ந்தால் பட்டினியில் செத்துவிடும் என்பதுதான் மனவருத்தம், அந்த நேரம் வேறு யாருக்காவது தேவையென்றால் கொடுத்துவிடுங்கள். கொழும்பில் இறக்குமதி செய்பவர்களிடம் சொல்லி வைத்தால் எப்போதாவது வரக்கூடும். வந்தால் பெப்பர்மின்ட் றாலோடு சேர்த்து விட வேண்டாம், றால் நத்தையைத் தின்றுவிடும். பம்புகளின் வாயில் ஸ்பொஞ்சும் போட வேண்டும்.

மீன்களைப் பொறுத்தவரை, நீண்ட மூக்கும் செம்புக் கோடும் உள்ள கொப்பர்பேண்ட் வண்ணத்துப்பூச்சி மீன் ஐப்டேசியாவைத் தின்னும் என்று சொல்வார்கள், பலது தின்னும். ஆனால் அது 20 சென்ரிமீற்றர் வளரும், நாலடித் தொட்டி அதற்குக் காணாது, சாப்பாடு பழக்குவதும் கடினம், பட்டினியில் சாகிறவை அதிகம். நம் கடலிலேயே இருக்கிற ரக்கூன் வண்ணத்துப்பூச்சி மீனும் தின்னும், ஐப்டேசியா முடிந்ததும் உங்கள் கோரலுக்கு வரும். ஒரு அனிமோனுக்காக ஒரு மீனைச் சாகவிட எனக்கு மனம் வரவில்லை. நாலடித் தொட்டிக்கு ஏதாவது மீன் வேண்டுமென்றால், 10 சென்ரிமீற்றர் அளவே வளரும் ஐப்டேசியா ஃபைல்ஃபிஷ் பரவாயில்லை, அதுவும் ஸோவாவைக் கொத்துகிறதா என்று முதல் கிழமை கவனிக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தும் நிற்காவிட்டால் காரணம் சாப்பாடு. எத்தனை முறை போடுகிறீர்கள் என்று எழுதவில்லை. இரண்டு நெமோவுக்கும் ஒரு கோபிக்கும் ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை, இரண்டு நிமிடத்தில் தீருகிற அளவு, போதும். உறைந்த ஆர்ட்டிமியா (மீனுக்குப் போடுகிற பொடி உப்புநீர் றால்) கட்டியை அப்படியே தொட்டிக்குள் போடுகிற பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். ஒரு வலையில் வைத்து ஆர்ஓ நீரில் அலசிவிட்டுப் போடுங்கள். ஆர்ட்டிமியாதான் ஆய்வகங்களில் ஐப்டேசியாவுக்கே கொடுக்கிற சாப்பாடு.

தண்ணீரும் யாழ்ப்பாணத்தில் தனிக் கதை. ஃபேன் வைத்துத் தொட்டியைக் குளிராக்குகிற எல்லோருக்கும் தினம் சில லீற்றர் ஆவியாகும், அதை நிரப்பக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றுகிறார்கள். குடாநாட்டுக் கிணறுகள் சுண்ணாம்புக்கல் நிலத்தில் இருப்பவை, தோட்டத்து உரமும் மலசலகூடக் குழியும் சேர்ந்து பல கிணறுகளில் நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிற லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டியிருக்கிறது. கொக்குவில் கோண்டாவில் பக்கம் தோட்டம் கிட்ட இருந்தால் சொல்லவே தேவையில்லை. அந்த 50 மில்லிகிராம் தண்ணீரையே தினம் நாலு லீற்றர் ஊற்றுகிறீர்கள் என்று வையுங்கள்: ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம், 230 லீற்றரில் ஒரு மாதத்தில் லீற்றருக்கு 26 மில்லிகிராம் ஏறிவிடும். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், நைத்திரேற்று உள்ளேயே நிற்கும். சுத்தமான தண்ணீரிலும் ஐப்டேசியா வாழும், அதனால் இதை மாற்றினால் அது போய்விடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கோரல் வாடி இடம் விடுகிறது, பாசி கல்லை மூடுகிறது, ஐப்டேசியாவுக்கு எதிராளி இல்லாமல் போகிறது. ஆர்ஓவும் அதற்குப் பின்னால், மிஞ்சிய உப்புகளைப் பிடிக்கிற டிஐ பிசினும் போட்ட தண்ணீரால் மட்டும் நிரப்புங்கள். குடிதண்ணீருக்கு வைத்திருக்கிற ஆர்ஓ வீட்டில் இருந்தால் டிஐ மட்டும் சேர்த்தால் போதும்.

அடுத்தது, கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவது. வேண்டாம். உங்கள் தொட்டி ஓடிப் பழகிய தொட்டி, மீன் கழிவில் வரும் அமோனியாவை மாற்றுகிற பக்டீரியா கல்லுக்குள் நிலைத்திருக்கிறது, அதை எறிந்தால் முதலிலிருந்து அமோனியாவோடு போராட வேண்டும். மிக மோசமான ஒன்றிரண்டு கல்லை, அதில் ஸோவா இல்லாவிட்டால், வெளியே எடுத்து வெயிலில் கிழமைக்கணக்கில் காயவிடலாம், நம் சித்திரை வெயிலைத் தாங்கும் ஐப்டேசியா இல்லை. காய்ந்த கல்லை உடனே தொட்டிக்குள் வைக்காமல், வேறொரு வாளியில் உப்பு நீரும் ஏர் கல்லுமாக வைத்து, செத்ததெல்லாம் அழுகி அமோனியா பூச்சியமாகும் வரை பொறுங்கள். எல்லாக் கல்லையும் ஒரேயடியாக எடுத்துவிடக்கூடாது.

காரைநகர்க் கடலிலிருந்து கல் எடுக்கிற யோசனையை இன்றோடு விடுங்கள், தம்பி. உயிருள்ள முருகைக்கல்லை உடைத்து எடுப்பது நம் நாட்டில் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், தீவுப் பக்கமும் வடகரையிலும் மிஞ்சியிருக்கிற முருகைக்கல் கொஞ்சம்தான், மீன் குஞ்சு ஒதுங்குவதும் அங்கேதான், குருநகர்க்காரரும் பாசையூர்க்காரரும் வலை போடுகிற கடலுக்கு அதுதான் மூலதனம். ஐப்டேசியாவிடமிருந்து தப்ப அந்தக் கல்லை எடுத்தால், அதோடு நண்டு, புழு, வேறு அனிமோன் என்று இன்னும் நாலு தலையிடி சேர்ந்து வரும். மாறாக உங்கள் தொட்டிக் கல்லையோ தண்ணீரையோ கடற்கரையில் கொண்டுபோய்க் கொட்டவும் வேண்டாம். கல்லைக் காயவைத்து, தண்ணீருக்கு பிளீச்சிங் போட்டு ஒரு நாள் வைத்து, கிணற்றுக்கும் மரத்துக்கும் தூரமாக ஊற்றுங்கள்.

இனிமேல் எந்தக் கோரல் வாங்கினாலும் நேரே தொட்டிக்குள் போகக்கூடாது. கோரலை முக்கி எடுக்கிற டிப் மருந்துகள் புழுவையும் பூச்சியையும் விரட்டும், ஐப்டேசியாவை அவை பெரும்பாலும் அசைக்காது. கோரல் ஒட்டியிருக்கிற வெள்ளைக் கட்டையின் அடிப்பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும், அந்தச் சின்னத் துளைக்குள்தான் அது ஒளிந்து வரும். முடிந்தால் கட்டையை வெட்டி எறிந்துவிட்டுக் கோரலைப் புதுக் கட்டையில் ஒட்டுங்கள். ஒரு சின்னத் தொட்டியில் லைற்றும் ஹீட்டரும் வைத்து ஒரு மாதம், இன்னும் நல்லது ஆறு கிழமை, தனியே வைத்துப் பாருங்கள். இரவில் லைற் அணைந்து ஒரு மணி நேரத்துக்குப் பிறகு டோர்ச் அடித்தால், பகலில் தெரியாத குட்டி அனிமோன் கண்ணாடிபோல மின்னும்.

கடைசியாக நெமோ. அது ஐப்டேசியாவுக்குள் குடியேறாது, அதற்குக் கடலில் துணையாக இருப்பது பத்து வகை அனிமோன்கள்தான், இது அந்தப் பத்தில் இல்லை. தொட்டியில் பிறந்து வளர்ந்த நெமோ அனிமோன் இல்லாமலே நன்றாக வாழும், முட்டையும் இடும், அதனால் அதற்காகக் கவலைப்பட வேண்டாம். உங்களுக்கே ஆசையாக இருந்தால், ஐப்டேசியா ஒன்றும் கண்ணில் படாமல் ஆறு மாதம் போகட்டும், அல்கலினிட்டியும் உப்பும் ஆடாமல் நிற்கட்டும், அதன் பிறகு ஒரு பபிள் டிப் அனிமோன் பார்க்கலாம். அது நடக்கும், இடம் மாறும், வேவ்மேக்கருக்குள் போய் அரைபடவும் கூடும், எல்லாப் பம்பு வாயிலும் கூண்டு போடாமல் வாங்கி வந்துவிட வேண்டாம். அதற்கு முன், சுண்ணாம்பு வைக்கத் தொடங்கும் நாளில் தொட்டியின் முன்பக்கத்தை ஒரு படம் எடுத்து வையுங்கள், மூன்று கிழமை கழித்து அதே இடத்தில் நின்று இன்னொன்று எடுத்து இரண்டையும் அனுப்புங்கள். எந்தக் கல்லில் மறுபடி முளைக்கிறது என்று பார்த்துத்தான் றால் போதுமா, அந்தக் கல்லை வெளியே எடுக்க வேண்டுமா என்று சொல்ல முடியும்.